லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது, மாஷிமா

அடுத்த மாதம் நிதி திரட்டுவதற்காக ஒரு மலையேற்றம். கொல்கத்தாவில் மலைக்கு எங்கே போவது? முதுகுப் பையில் இட்லி அரிசியை அடைத்துக்கொண்டு எங்கள் டாக்குரியா ஃபிளாட்டின் படிகளில் தினமும் ஏறி இறங்குகிறேன்.

இன்று காலை நான்காம் மாடி வங்காளிப் பெரியம்மா, எங்களுக்கெல்லாம் மாஷிமா, கதவைத் திறந்தார். தனியாக இருப்பவர், முட்டிவலிக்காரர்.

"ஏம்மா, லிஃப்டை எப்பதான் சரி பண்ணுவாங்க?" என்று வங்காளத்தில் கேட்டார்.

"நல்லாத்தானே ஓடுது மாஷிமா!"

"அப்புறம் ஏன் மூட்டையோட படி ஏறுறே? ஒரு மாடிக்கே லிஃப்டுக்குக் காத்து நிக்கிறவளாச்சே நீ!"

என்னைப் பார்த்து, லிஃப்ட் கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டி, ஒரு வாரமாக அவர் கீழே இறங்கவில்லை. லேக் கரையில் சாயங்காலம் கூடும் அரட்டைக்கும், அவர் பாஷையில் அட்டாவுக்கும், போகவில்லை. அங்கே கூடும் தோழி ஒருவர் நேற்று மகனோடு பெங்களூருக்கே குடிபோய்விட்டாராம்.

"வழியனுப்பக்கூடப் போகலை," என்றார்.

மலையேறப் பழகுகிறேன் என்றேன்.

"எதுக்கு?"

தனியாக வாழும் முதியவர்களுக்கு உதவ என்று சொல்ல வாய் வரவில்லை.

"உடம்பு இளைக்கத்தான் மாஷிமா."

சாயங்காலம் அவரை லேக்குக்கு அழைத்துப் போகிறேன். லிஃப்டில்தான்.

படியே ஏறாமல் மலையேறப் பழக வழி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.