முருகேசரின் எழுபத்திரண்டு பக்கங்கள்

புங்குடுதீவு மடத்துவெளியில் இறங்கி, ஞானசவுந்தரியின் வீடு எது என்று கேட்டால் ஆள் தெரியாமல் முழிப்பார்கள். ரைப்பிங் அக்கா என்று கேளுங்கள், கூடவே வந்து படலையைத் திறந்துவிட்டுப் போவார்கள். வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் கொடுத்த பதிலில், இப்போது யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இடம்பெயர்ந்து மானிப்பாயில் இருந்த நாட்களில், எப்போது ஊர் திரும்பலாம் என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, இவள் போய் ஒரு தட்டச்சு வகுப்பில் குந்தினாள். அன்று பழகிய விரல்தான் இன்றுவரை சோறு போடுகிறது.

கோயில் நோட்டீஸ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் என்று எதையும் அடிப்பாள். ஆனால் அவளுடைய பெரிய வேலை கல்வெட்டுத்தான். செத்தவரின் வாழ்க்கையையும் உறவுகளையும் எழுதி, முப்பத்தோராம் நாளிலோ ஆண்டுத்திவசத்திலோ வந்தவர்களின் கையில் கொடுக்கிற புத்தகம் அது. ஊரில் ஒரு சீவன் போனால் ஐயருக்கு அடுத்ததாகச் சேதி போவது ரைப்பிங் அக்காவுக்கு என்று பகிடி பண்ணுவார்கள்.

பிரான்சில் இருக்கும் தமையன் பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிக் கொடுத்த கொம்பியூட்டர் அவளுடையது. உப்புக்காற்றில் பென்டிரைவ் குத்துகிற துளையெல்லாம் கறள் பிடித்துவிட்டது. பிரிண்டரில் பல்லி குடியிருந்தது. அதனால் சில மாதமாக அவள் அடித்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

தமிழை அவள் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிப்பாள். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. உள்ளே கிடப்பது வெறும் ஆங்கில எழுத்து. பாமினி என்கிற மூக்குக்கண்ணாடியைப் போட்டால்தான் அது தமிழாகத் தெரியும். கோப்புக்குப் பெயர் வைக்கிற இடத்தில் அந்தக் கண்ணாடி வேலை செய்யாது. ஞானசவுந்தரி அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவளுடைய விரல் நாகமுத்து என்று அடித்தது, திரையில் ehfKj;J என்று விழுந்தது, அவள் நாகமுத்து என்றே வாசித்தாள். ஆங்கிலத்தில் ஒரு விலாசம் எழுதத் தடுமாறுகிற மனிசி, மற்றவர்கள் கண்ணுக்கு ஒன்றுமே விளங்காத இதை மட்டும் கடகடவென்று வாசிப்பாள்.

நாகமுத்து, முருகேசரின் மனைவி. போன வருடம் செத்துப்போனாள். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வெடுத்த முருகேசருக்கு எண்பத்துநாலு வயது. மனைவியின் ஆண்டுத்திவசத்துக்குக் கல்வெட்டு அடிக்கவென்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து ஞானசவுந்தரியின் விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டவர், மூன்று மாதம் எழும்பவில்லை.

"அன்னார் பண்பானவர், பாசமானவர் எண்டு எழுதிப்போடாதையும் பிள்ளை," என்றார் முதல் நாளே. "அது ஊரில எல்லாப் பிணத்துக்கும் எழுதிறியள். நான் சொல்லுறதை மட்டும் அடியும்."

அவர் சொன்னார். கல்யாணம் முடிந்து வள்ளத்தில் வரும்போது நாகமுத்து வாந்தியெடுத்து, அவருடைய பட்டுச் சால்வையை நாசமாக்கினதைச் சொன்னார். தன்னைக் கேட்காமல் அவர் ஆட்டை விற்றதற்காக அவள் பதினொரு நாள் முகம் பாராமல் சோறு போட்டதைச் சொன்னார். இடம்பெயர்ந்து ஓடும்போது நகைப் பெட்டியை விட்டுவிட்டு ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்ததைச் சொல்லிவிட்டு, சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதார். எழுபத்திரண்டு பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தை அடுத்த கிழமை சொல்கிறேன் என்று போனவரைப் பாரிசவாதம் விழுத்திவிட்டது. வலப்பக்கம் இயங்கவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. ஐம்பத்தாறு வருடச் சீவியம் இப்போது இருந்தது ஞானசவுந்தரியின் பெட்டிக்குள் மட்டும்தான்.

திவசத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, கனடாவில் இருக்கும் மகள் சுமித்திரா போன் எடுத்தாள்.

"அக்கா, அப்பா சொன்னதை அப்படியே அனுப்பிவிடுங்கோ. இஞ்ச அச்சடிச்சுக்கொண்டு வாறன். யுனிகோட்டில மாத்தினீங்களெண்டால் என்ர பிள்ளையளும் போனில வாசிக்குங்கள்."

அனுப்பத்தான் வழியில்லை. மின்னஞ்சலைத் திறந்தால், உங்கள் கணினி பழையது என்று அது மூஞ்சையில் அடிக்கிறது. யாழ்ப்பாணம் ரவுணில் கொம்பியூட்டர் திருத்தும் ஜெகதீசைக் கேட்டாள். "புது விண்டோஸ் போட்டால் எல்லாம் சரிவரும் அக்கா. உள்ள இருக்கிறதுகளை முதல் எடுத்து வச்சிட்டுத்தான் போடுவன்," என்றான். பெட்டியைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலம் தாண்டி, கடை வாசல்வரை ஒருவரையும் அதில் கைவைக்க விடவில்லை.

மறுநாள் காலை மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஜெகதீஸ் போன் எடுத்தான். பக்கத்தில் விலை கூறுகிறவனின் சத்தம் காதைப் பிளந்தது.

"அக்கா, உள்ளுக்குள்ள முழுக்கக் குப்பையாக் கிடக்கு. எல்லாத்தையும் எடுத்துவிடட்டோ?"

பெட்டியின் சீர் அவளுக்குத் தெரியாதா? மூடியைத் திறந்தால் தூசியும் சிலந்திக் கூடும் பல்லி முட்டையுமாகத்தான் இருக்கும். வெட்கமாகவும் போய்விட்டது. "ஓம் தம்பி, எத்தினை வருசக் குப்பை. ஒண்டும் மிச்சம் விடாமல் எடுத்துவிடும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை போனபோது பெட்டி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. திரையும் பளிச்சென்று இருந்தது. தேடிப் பார்த்தாள். அவள் அடித்த ஒன்றுமே இல்லை.

"தம்பி, என்ர வேலையளை எங்க வச்சிருக்கிறீர்?"

"உங்கட படங்கள் எல்லாம் இருக்கக்கா, இந்தா."

"படம் இல்லை. நான் அடிச்சதுகள். கல்வெட்டுகள்."

ஜெகதீசின் முகம் மெல்ல மாறியது. "அந்த... பேர் எல்லாம் கண்டபடி கிடந்ததுகளோ? என்ர கொம்பியூட்டரில போட்டுத் திறந்தும் பார்த்தனான் அக்கா. உள்ளயும் அப்படித்தான் இருந்தது. வைரஸ் அடிச்சுச் சிதறினதெண்டு நினைச்சன். அதுதானே உங்களைக் கேட்டனான், குப்பையை எடுத்துவிடட்டோ எண்டு."

அவனைத் திட்டவேண்டும் என்றுதான் கதை சொல்கிற எனக்கும் ஆசை. ஆனால் என்னவென்று திட்டுவது? போனில் தமிழ் தட்டிப் பழகின தலைமுறை, பாமினியை அந்தக் கண்ணாடி கழன்ற கோலத்தில் ஒருநாளும் கண்டதில்லை. அவன் கேட்டான், இவள் சம்மதித்தாள். ஞானசவுந்தரி கதிரையில் இருந்துவிட்டாள். "அதுக்குள்ள ஒரு மனிசியின்ர சீவியம் கிடந்தது தம்பி," என்றாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அழிந்ததை மீட்கும் வேறொரு கடைக்கு அவனே கூட்டிக்கொண்டு போனான். நாலு நாள் தோண்டினார்கள். யாரோ ஒருவரின் கல்யாண அழைப்பிதழ் வந்தது. மின்சாரச் சபைக்குப் போட்ட முறைப்பாடு வந்தது. முருகேசர் வரவில்லை. அந்த இடத்துக்கு மேலேயே புதுசு எழுதப்பட்டுவிட்டது, இனி ஏலாது என்றார்கள்.

நினைவில் இருந்து எழுதலாம் என்று இருந்து பார்த்தாள். தட்டச்சுக்காரியின் காது வழியே வந்தது விரல் வழியே போய்விடும், நடுவில் தங்குவதில்லை. வள்ளம் தெரிந்தது, ஆடு தெரிந்தது, ஊறுகாய்ப் போத்தல் தெரிந்தது. அவர் சொன்ன சொல் ஒன்றாவது வரவேண்டுமே! இரண்டு பகல் போராடிப் பதினொரு வரி அடித்தாள். வாசித்துப் பார்த்தால், பண்பானவர், பாசமானவர் என்று அவளுடைய விரல் தன்பாட்டில் அடித்து வைத்திருக்கிறது. அந்த விரல்களை வெட்டி எறியலாம் போல இருந்தது அவளுக்கு.

சுமித்திராவிடம் இருந்து செய்திக்கு மேல் செய்தி வந்தது. ஞானசவுந்தரி அவற்றைத் திறக்கவில்லை. முதலில் சொல்லவேண்டிய ஆள் வேறு என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேசர் வீட்டுக்குப் போனாள். அவரைப் பார்த்துக்கொள்ளும் பெறாமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள். ஞானசவுந்தரியைக் கண்டதும் கிழவரின் கண் மலர்ந்தது. அதைப் பார்க்க அவளுக்கு ஏலவில்லை.

"ஐயா, நீங்கள் சொன்னது எல்லாம் அழிஞ்சு போச்சுது. ஒரு பக்கமும் இல்லை. நான்தான் அழிக்கச் சொன்னனான், தெரியாமல் சொல்லிப்போட்டன்." சொல்லிவிட்டு, ஐம்பத்தொரு வயதுக்காரி குழந்தை மாதிரி விம்மி அழுதாள்.

முருகேசர் நல்ல கையை நீட்டி, மேசையில் கிடந்த கொப்பியைக் காட்டினார். அவளுக்கு விளங்கவில்லை. திரும்பவும் காட்டினார். கொப்பியை எடுத்து மடியில் வைத்து, பேனையைத் திறந்தாள்.

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாய் கோணிக்கொண்டு திறந்தது. ஆ என்றும் ஊ என்றும் சத்தம் வந்தது. நிற்காமல் வந்தது. இடையில் ஒருமுறை சிரித்தார். ஒருமுறை கண்ணால் தண்ணீர் வழிந்தது. அது வள்ளமா, ஆடா, அடுத்த கிழமை சொல்கிறேன் என்று விட்டுப்போன அந்தக் கடைசிப் பக்கமா, அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பேனையைத் தாளில் ஊன்றியபடி அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பக்கம் முடியும் அளவுக்குச் சொல்லிவிட்டு முருகேசர் நிறுத்தினார். எழுதி முடிக்கட்டும் என்று அவளுக்காகப் பொறுத்திருந்தார். ஞானசவுந்தரி அந்த வெறும் தாளை மறுபக்கம் திருப்பினாள்.