காம்புக்கு ரெண்டு கிலோ

எங்கள் குடும்பத்தில் தண்ணீருக்கு மேலே நின்றவள் என் சித்தி ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீருக்குக் கீழே, அதாவது மழையில், நின்றவர்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. மொனராகலையைத் தாண்டி ஒரு பெரிய குளத்தங்கரையில் இருந்த விடுதிக்கு அறைகள் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனாள். அந்தக் குளத்தில் ஒரு வேகப்படகு ஓடும். அதன் பின்னால் கயிறு கட்டி, காலில் பலகை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் தண்ணீரின்மேல் சறுக்குவார்கள். படுக்கை விரிப்பை உதறிக்கொண்டே சன்னல் வழியாகச் சித்தி இதைச் சில மாதங்கள் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு லீவு நாளில் படகோட்டியிடம் போய், நானும் ஏறிப் பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டாள். கேட்டால் என்ன, அடிக்கவா போகிறார்கள் என்பது அவள் கட்சி. அந்த வருடம் முடிவதற்குள் இரண்டு பலகையை விட்டு ஒற்றைப் பலகைக்கு வந்துவிட்டாள்.

ஒற்றைப் பலகை என்றதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: மற்றக் காலுக்கு? சித்தி சலிக்காமல் விளக்குவாள். ஒரே பலகையில் முன்னே ஒரு கால், பின்னே ஒரு கால். குளத்தில் மிதவைகள் போட்டிருப்பார்கள். அவற்றை இப்படியும் அப்படியும் வளைந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். அப்படி வளைய ஒற்றைப் பலகைதான் தோது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏன்டி, அவ்வளவு பெரிய ஹோட்டல்ல இன்னொன்னு வாங்கக் காசில்லையா?" என்பாள்.

விடுதி முதலாளி சறுக்குப் பள்ளி ஒன்று தொடங்கத் திட்டம் போட்டார். திறப்பு நாளன்று விருந்தாளிகள் முன்னால் சித்தி மிதவைகள் அத்தனையையும் சுற்றிக் காட்டினால், பள்ளியில் பழக்குகிற வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் பழையபடி விரிப்பும் வாளியும். எங்கள் பெரியப்பாவுக்கு, அதாவது அப்பாவின் அண்ணனுக்கு, இந்த இரண்டுமே பிடிக்கவில்லை. வயசுப் பிள்ளை தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்து பறிக்காமல் குளத்தில் என்ன கூத்து என்று கேட்டார். சித்தி சிரித்துக்கொண்டே ஒரு பந்தயம் வைத்தாள்.

"அன்னைக்கு நான் விழுந்தேன்னா நானே வந்து பேர் பதிஞ்சிக்கிறேன் மாமா. கூடையும் நீங்களே வாங்கி வைங்க."

அம்மாவும் சித்தியும் பெரியப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பந்தயத்தை ஏற்றுக்கொண்டதோடு, அந்த வாரமே கூடையையும் வாங்கி வைத்துவிட்டார். அப்பா கொழும்பில் கடை வேலையில் இருந்ததால், எங்கள் வீட்டு விஷயங்களில் பெரியப்பாவின் வாக்குத்தான் சட்டம். அதை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

பலகையின் கதை தொடங்கியது தோட்டத்துக் கோயில் தேர் அன்று. சித்தி லீவில் வந்திருந்தாள். விடுதியில் இருந்த ஒற்றைப் பலகை தடித்த ஆம்பிளைகளுக்கு ஏற்றது. நேராகப் போகும், திரும்பு என்றால் யோசித்துத் திரும்பும். அதனால் அவளுக்கென்று ஒன்று வாங்க முதலாளி ஒத்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே அவரிடமிருந்து போன் வந்தது. வெளிநாட்டில் அவருடைய தம்பி கடையிலேயே நிற்கிறாராம். ஆளின் எடையைச் சொன்னால்தான் பலகையின் நீளத்தைச் சொல்ல முடியும் என்கிறார்களாம். உடனே சொல்ல வேண்டும்.

சித்திக்குத் தன் எடை தெரியாது. லயத்தில் யாருக்குமே தெரியாது. ஆனால் எடை என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். அவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுப்பது அவர் கை. எங்கள் மலையில் பறித்த ஒவ்வோர் இலையும் அவர் பார்வையில் தொங்கித்தான் தொழிற்சாலைக்குப் போகும்.

"எடைன்னா என்கிட்டல்ல வரணும்? எந்திரிச்சு வா பிள்ள!"

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு ஊர்வலமாகப் போனோம். மழை வேறு பிடித்துக்கொண்டது. அங்கே விட்டத்திலிருந்து கொக்கி வைத்த மின் தராசு தொங்கும். ஆள் நிற்க அதில் இடமில்லை. ஆகவே பெரிய கொழுந்துச் சாக்கு ஒன்றை விரித்து, அதில் சித்தியைக் குந்த வைத்து, நாலு முனையையும் சேர்த்துக் கொக்கியில் மாட்டினார்கள். தேருக்குக் கட்டியிருந்த புதுச் சேலையோடு சித்தி சாக்குக்குள் சுருண்டு, முழங்காலுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டு, "சீக்கிரம் பாருங்க, மூச்சு முட்டுது!" என்று கத்தினாள். அவளால் எதையும் பார்க்க முடியாது. நான் தராசுக்கு நேர் கீழே நின்றேன். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஐம்பத்தெட்டு.

பெரியப்பாவும் அதைப் பார்த்தார். உதடுகள் மெல்ல அசைந்தன. பிறகு மடுவம் அதிர அறிவித்தார்:

"அம்பத்திரெண்டு!"

எனக்கு இதில் எந்த ஆச்சரியமும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு அம்மாவைத் தேடி மடுவத்துக்குப் போய் நிற்கிற பிள்ளை நான். தராசில் விழுவது ஒன்று, பெரியப்பா வாயிலிருந்து வருவது ஒன்று, இரண்டாவதுதான் எடை. உலகத்தில் எல்லாத் தராசும் இப்படித்தான் வேலை செய்யும் என்று நம்பியிருந்தேன். ஐம்பத்திரண்டு போனில் போயிற்று. கடல் தாண்டியும் போயிற்று. பெரியப்பாவுக்கு அன்று நடை மாறிவிட்டது. வெளிநாட்டுக்காரனே தன் நிறுவையை நம்பிப் பலகை அறுக்கிறான் என்று தேர் முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

திறப்பு நாளுக்கு முதல் நாள் அம்மாவும் நானும் பெரியப்பாவும் பசறையில் பஸ் மாறி, மலை இறங்கி, வெயிலுக்குள் போய்ச் சேர்ந்தோம். பலகை முந்தின நாள் இரவுதான் வந்திருந்தது. கறுப்பும் சிவப்புமாக, முன்பக்கம் மூக்கு மேலே வளைந்து, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நடுவில் கால் நுழைக்க ரப்பர் சப்பாத்து. அடியில், வால் பக்கத்தில், மீன் செட்டை மாதிரி ஒரு தகடு. இந்தச் செட்டையை ஒரு மயிரளவு இறக்கினாலும் நகர்த்தினாலும் பலகையின் குணமே மாறிவிடும் என்று சித்தி எனக்குக் காட்டினாள். தன் பிள்ளையைக் காட்டுகிற மாதிரிதான் காட்டினாள்.

அப்புறம் தண்ணீரில் இறங்கினாள். படகு உறுமியது. பலகை எழும்பவில்லை.

இரண்டாம் முறை எழும்பியது. ஆனால் வால் பக்கம் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டே போயிற்று. முதல் மிதவையைச் சுற்ற வளைந்ததும் அவள் அப்படியே உட்கார்ந்து, மூழ்கி, மூக்கில் தண்ணீரோடு மேலே வந்தாள். படகோட்டி புத்தளைப் பக்கத்துச் சிங்களவர். சித்தியை நங்கி என்று அழைப்பார், தங்கச்சி என்று அர்த்தம். அவர் கரைக்கு வந்து சிறு சாவியால் திருகுகளைத் தளர்த்தி, செட்டையை முன்னே தள்ளிப் பார்த்தார். விழுந்தாள். பின்னே இழுத்துப் பார்த்தார். விழுந்தாள். சற்று உள்ளே ஏற்றிப் பார்த்தார். அந்த முறை கொஞ்சம் அழகாக விழுந்தாள்.

"அம்பத்திரெண்டு கிலோவுக்கு இது சரியா இருக்கணும் நங்கி," என்று அவர் தலையைச் சொறிந்தார்.

அம்மா கரையில் இருந்து, "அந்த இன்னொரு கால் பலகையையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கடி!" என்று கத்தினாள். ஊரில் வாங்கி வைத்த கூடை பெரியப்பாவின் முகத்தில் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது. சித்தி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவதை நினைக்கவே பிடிக்கவில்லை. அவள் மட்டும் அழவில்லை. சொட்டச் சொட்டக் கரையேறி, பலகையை ஒரு முறை முறைத்துவிட்டு, நேராக விடுதி வாசலுக்கு நடந்தாள். அங்கே விருந்தாளிகளின் பெட்டிகளை நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. ஏறி நின்றாள்.

"அம்பத்தெட்டா? ஒரே மாசத்துல ஆறு கிலோவா போட்டேன்? நான் தின்னதே அரைவயிறுதானே!"

நான் பின்னாலேயே ஓடிப்போயிருந்தேன். தெரிந்ததைச் சொல்வதில் என்ன இருக்கிறது?

"அன்னைக்கும் அம்பத்தெட்டுதான் சித்தி இருந்திச்சு. பெரியப்பா கழிச்சது போகத்தான் அம்பத்திரெண்டு."

சித்தி மெதுவாகத் திரும்பினாள். அம்மாவும் பெரியப்பாவும் படகோட்டியும் அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

"கழிச்சீங்களா மாமா?"

பெரியப்பாவுக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை. "கழிக்காம? சாக்குக்கு ரெண்டு. மழை பேஞ்சுச்சா இல்லையா, அந்த ஈரத்துக்கு ரெண்டு. காம்புக்கு ரெண்டு. என் தம்பி பொஞ்சாதி பறிக்கிறதுக்கே கழிக்கிறேன். உனக்கு மட்டும் கழிக்காம விட்டா அது நியாயமா?"

"எனக்கேது மாமா காம்பு?"

பெரியப்பா வாயைத் திறந்தார். சித்தியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். காம்பு தென்படவில்லை போலிருக்கிறது, வாயை மூடிக்கொண்டார்.

அப்போது அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டும் அடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, "ஒரே ஒரு நாள் கழிச்சதுக்கு நீ முங்கிப் போயிட்டியேடி!" என்றாள். "நான் இத்தனை வருசமா எப்படித்தான் மெதந்துக்கிட்டு இருக்கேனோ!"

சித்தி முதலில் சிரித்தாள், பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள். படகோட்டிக்கு விஷயத்தைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். அவர் பெரியப்பாவைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார்.

"பலகைல குத்தம் இல்ல நங்கி," என்றார். "கணக்குலதான் குத்தம்."

"பலகைய இனி மாத்த முடியாது. எடைய மாத்தலாம்ல? அம்பத்தெட்டுன்னு வச்சுப் பூட்டுங்க அண்ணே. மத்தத நான் பாத்துக்கிறேன்."

பொழுது சாயும்வரை இரண்டு பேரும் கரையிலேயே கிடந்தார்கள். பலகை ஆளுக்குச் சின்னது என்று தெரிந்த பிறகு வழி தெரிந்தது. வால் அமுங்காமல் இருக்கச் சப்பாத்தை ஒரு துளை முன்னே தள்ளினார்கள். வளைவில் பிடிமானம் வேண்டும் என்று செட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கினார்கள். சின்னப் பலகை ஆளைத் தாங்க வேகம் வேண்டும், ஆகவே படகை இன்னும் விரட்டுவது என்று முடிவாயிற்று. வேகம் கூடினால் மிதவைகளும் வேகமாக வரும். சித்தி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வரட்டும், சீக்கிரம் முடியும் என்றாள்.

மறுநாள் காலை விருந்தாளிகள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் மூவரும் ஒரு மருத மரத்தடியில் நின்றோம். படகு பாய்ந்தது. சித்தி தண்ணீரிலிருந்து யாரோ தூக்கி நிறுத்திய மாதிரி எழும்பினாள். முதல் மிதவையில் அவள் உடம்பு தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்தது. அம்மா என் தோளில் நகம் பதித்தாள். பலகை சீவிக்கொண்டு திரும்பி மறுபக்கம் பறந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் சுவர் மாதிரி எழும்பி விழுந்தது. கடைசி மிதவையில் கொஞ்சம் தள்ளாடினாள். பெரியப்பா தன்னை மறந்து, "புடி பிள்ள, புடி!" என்று கத்தினார். பிடித்துக்கொண்டாள். சுற்றி முடித்துக் கயிற்றை விட்டு, எங்கள் முன்னால் வந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, "கூடைய வித்துருங்க மாமா!" என்றாள். அத்தனை பெருமை எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அங்கே நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம், அது என் சித்தி, அது என் சித்தி என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சித்திக்கு வேலை அன்றே உறுதியாயிற்று. மத்தியானச் சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பினோம். பெரியப்பா வெளியே கேட்டடியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் வாசலில் தயங்கினாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பையை என் கையில் கொடுத்தாள். பிறகு அந்த மேடைத் தராசில் ஏறி நின்றாள்.

"பாப்பா, என்ன விழுந்திருக்குன்னு பாரு."

"நாப்பத்தொம்பது."

"கழிச்சியா?"

"இல்லம்மா. அப்படியே நாப்பத்தொம்பது."

அம்மா இறங்கவில்லை. நேராக நிமிர்ந்து, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குளத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கேட்டடியிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, வாசல் முழுக்கக் கேட்கும்படி இன்னும் உரக்கச் சொன்னேன்.