காந்தமில்லாத காயில்

பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். மின்சார ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினாலே என் எலெக்ட்ரிக் கிட்டார் இரைய ஆரம்பித்துவிடும். வாசிக்கவே வேண்டாம், ஆம்ப்ளிஃபையரில் செருகியிருந்தால் போதும்.

"ஸ்டேஷன் மைக் கூட லேட்டாதான் சொல்லுது மாமே, உன் கிட்டார் கரெக்டா சொல்லிடுது" என்பார் எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்திய அண்ணன். ஆடி மாதக் கச்சேரிக்கு ஸ்டேஷனை ஒட்டிய மைதானத்தில்தான் மேடை என்று தெரிந்ததும் கிண்டல் நின்றது. இரைச்சல் போகாவிட்டால் என் இடத்தில் ஆவடிக்காரர் ஒருவரை உட்காரவைப்பதாகச் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கிட்டார் தவிர நான் உருப்படியாகச் செய்த காரியம் எதுவும் கிடையாது.

கோளாறு பிக்கப்பில் இருந்தது. தந்திகளுக்கு அடியில், காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்களே, அதுதான் பிக்கப். தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். நண்பன் ஒருவன் சிங்கப்பூரிலிருந்து இரண்டு பிக்கப் கொண்டுவந்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடு என்றான்.

முதலாவதில் ஒரே காயில், அதாவது ஒரே கம்பிச்சுருள். மாட்டி ஒரு தந்தியைத் தட்டினேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை நாளும் நான் வாசித்தது கிட்டாரே இல்லை என்று தோன்றியது. அடுத்த ரயில் வந்தது, பழைய இரைச்சலும் கூடவே வந்தது. இரண்டாவதில் இரண்டு காயில்கள். ரயில் போனதே தெரியவில்லை. ஆனால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி ஸ்க்ரூவின் தலையே தேய்ந்துபோனது.

என் அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காயில் சுற்றும் வேலை பார்த்தாள். பாட்டு கேட்கிற பழக்கம்கூட அவளுக்கு இல்லை.

"இன்னாடா, வாரம் பூரா மூஞ்சைத் தொங்கப் போட்டுகினு கீற?" என்றாள். சொன்னேன். இரண்டு பிக்கப்பையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க கம்பெனில ஜோடி காயில்ல ஒண்ணை மட்டும் கை மாறி எதிர்ப்பக்கமா சுத்திட்டா, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சி ஒண்ணுமில்லாம பண்ணிடும். பீஸு ரிஜெக்டு. அந்தத் தப்பை வேணும்னே செஞ்சா இன்னா?"

எனக்குப் புரியவில்லை. நல்ல ஒலி தந்த ஒற்றைக் காயில் பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். சூப்பர்வைசரிடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் மீட்டர் வைத்து அளந்து, அதே மாதிரி இன்னொரு காயில் சுற்றிக்கொண்டு வந்தாள். கம்பி தலைமுடியைவிட மெல்லிசு. எத்தனை ஆயிரம் சுற்றோ, ஓர் இடத்தில்கூட அறுந்திருக்கவில்லை. அதில் காந்தம் இல்லையே என்று கேட்டேன்.

"காந்தம் இல்லைன்னா தந்தி ஆடுறது இதுக்குத் தெரியாது. இரைச்சல் மட்டும்தான் தெரியும். பிக்கப்புல வர்ற இரைச்சலை இது எதிரா நின்னு அடிச்சிடும்."

கிட்டாரின் வயிற்றுக்குள் வைத்து ஈயம் பற்றவைத்தேன். ரயில் வந்தது. இரைச்சல் இரண்டு மடங்காக எழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அசரவில்லை.

"தல வாலு மாத்திக் குடுத்துட்ட. திருப்பிப் போடு."

இரண்டு முனைகளையும் மாற்றினேன். அடுத்த ரயில் ஜன்னல் கம்பிகளை அதிரவைத்துக்கொண்டு போனது. ஆம்ப்ளிஃபையரில் சத்தமே இல்லை. தந்தியைத் தட்டினேன், அந்தப் பழைய சிலிர்ப்பு அப்படியே இருந்தது. நான் அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் எனக்குச் சோறு போட்ட விரல்கள்தான். அன்றைக்குத்தான் அவற்றை முதன்முதலாகப் பார்த்தேன்.

கச்சேரியில் நான் தனியாக வாசிக்கும் இடத்தில் சரியாக ரயில் வந்தது. அது பாட்டுக்குப் போனது. முடிந்ததும் அந்த ஆவடிக்காரரே மேடையோரம் வந்து கிட்டாரைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா பிக்கப் நைனா இது?"

அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள்.

"சிங்கப்பூர் பிக்கப் அண்ணே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

வேலியோரமாக வீட்டுக்கு நடந்தோம். வீடு நெருங்கும்போது அக்கா கேட்டாள்:

"ரயில் வந்தப்போ பயந்தியாடா?"

"இல்லக்கா."

"நான் பயந்துட்டேன்" என்றாள்.