மாதா நுழையாத வீடு

அந்த அக்காவின் வீட்டைப் பட்டியலிலிருந்து வெட்டியது நீங்கள்தான், தலைவரே. போன வருடமும் வெட்டினீர்கள். இந்த வருடமும் வெட்டியிருக்கிறீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுத் தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பைக் கட்டியபோது தோட்டத்துக் கோயிலை இடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த மாதா சொரூபம் மட்டும் எங்களோடு தாமானுக்கு வந்தது. அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் அது வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் இருக்கும், மறுநாள் சாயங்காலம் பாட்டோடு அடுத்த வீட்டுக்குப் போகும். பட்டியல் போடுவது ஜெபக் குழுத் தலைவர். தூக்குவது நான். புந்தோங்கில் டயர் கடையில் வேலை செய்கிறவன், தோளில் பலம் இருக்கிறது.

அந்த அக்கா புருஷனை இழந்தவர். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. போன வருடம் அவருடைய ஒரே மகன் போதைப்பொருள் கேஸில் ஜெயிலுக்குப் போனான். அக்டோபர் பட்டியலில் அவர் வீடு இல்லை. ஏன் என்று தலைவரிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"போலீஸ் பூட்ஸ் காலோட ஏறுன வீட்டுக்கு மாதாவத் தூக்கிட்டுப் போவியா?"

"அந்தக்கா என்னா அண்ணே செஞ்சிச்சி?"

"ஒனக்குத் தூக்குற வேலதானே? தூக்குலா."

தூக்கினேன். அதுதான் என் குற்றம்.

அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. வரிசைப்படி அடுத்தது தன் வீடு என்று நினைத்துவிட்டார். வாசலைக் கழுவி, பிளாஸ்டிக் நாற்காலிகள் இரவல் வாங்கிப் போட்டு, கடலை அவித்து வைத்து, கேட்டருகே முக்காடு போட்டுக்கொண்டு நின்றார். நான் நிற்காமல் போனேன். இடம் தெரியாமல் போகிறேன் என்று நினைத்து, "தம்பி, இங்கலா!" என்று கூப்பிட்டார். காதில் விழாத மாதிரி நடந்தேன். பின்னால் வந்தவர்கள் பாட்டை இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவரும் அடுத்த வீட்டுக்கு வந்தார். வெளியே செருப்புகள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். முடிந்ததும் கடலையை எல்லாருக்கும் கொடுத்தார். தின்றோம். தலைவரே, நீங்கள் இரண்டு தடவை கை நீட்டி வாங்கினீர்கள்.

இந்த வருடம் என் மனைவி மூளையில் ரத்தக் கசிவு வந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். நீங்கள் வாட்ஸாப்பில் கைகூப்புகிற படம் அனுப்பினீர்கள். அந்த அக்கா இரண்டு பஸ் மாறி வந்தார். தினமும் வந்தார். எனக்கு ஜெபம் வரவில்லை, எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. என் விரலைப் பிடித்து அடுத்த மணியில் வைப்பார்.

"எப்படிக்கா இன்னும் நம்புறீங்க?" என்று கேட்டேன்.

"வேற எங்க போறது தம்பி? மகன எப்பவாவதுதான் பாக்க விடுறாங்க. மாதாவ எப்ப வேணாலும் பாக்கலாம்லா. அவங்க புள்ளயயும் புடிச்சிக்கிட்டுப் போனாங்க இல்ல? நான் சொன்னா வெளங்கும்."

மனைவி அன்று கண் திறக்கவில்லை. ஆனால் பல நாளுக்குப் பிறகு அன்றுதான் நான் சோறு தின்றேன், தூங்கினேன். அவள் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அது நாங்கள் ஒதுக்கி வைத்த பெண் கொண்டுவந்து கொடுத்த நம்பிக்கை.

மனைவி வீடு திரும்பிய பிறகு அக்காவிடம் சொன்னேன், "அன்னிக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சிக்கா."

"தெரியும்," என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இப்போது வாட்ஸாப் குழுவில் புதுப் பட்டியல் வந்திருக்கிறது. அவர் வீடு இதிலும் இல்லை. கேட்டால், "பொறவு பேசலாம்" என்கிறீர்கள்.

தனியாகப் பேச ஒன்றுமில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது நான் எழுந்து நிற்பேன். கூப்பிட்டது கேட்டும் நிற்காமல் போனவன் நான்தான் என்று அந்த அக்கா முன்னால் சொல்வேன். அடுத்து மைக் உங்கள் கைக்கு வரும். அந்த வீட்டுக்கு மாதா ஏன் போகக்கூடாது? சபை முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.