பாதிக் குளம்

என் பள்ளிக்காலம் முழுவதிலும் எங்கள் குடும்பம் விடுமுறைக்குப் போனது ஒரே ஒரு முறைதான். அதுவும் பெப்ரவரியில், தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்துபோன ஒரு கிழமையில், வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் எடுக்கும் ஒரு குளக்கரைக்கு, வோன்வாகனில் தங்குவதற்கு. வோன்வாகன் என்றால் காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் சில்லு வைத்த வீடு. எங்களிடம் கார் இல்லை. அப்பா பாத்திரம் கழுவிய உணவகத்து முதலாளியின் வண்டி அது. கோடையில் அவர் குடும்பம் அதிலேயே கிடக்கும், குளிர்காலத்தில் சும்மா நிற்கும். வேண்டுமென்றால் போய் இருந்து பார் என்று அவர் பேச்சுக்குச் சொன்னதை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "வீட்டில ஹீட்டர் நல்லாத்தானே எரியுது. அதை நிப்பாட்டிப்போட்டு விறைக்கிறதுக்கெண்டு ஒரு இடம் தேடிப் போறம். இஞ்சாருங்கோ, இந்த விசர்க் கதையைக் கோயிலில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே பிட்டுக்குழலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். இரண்டாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் எங்களை வட்டமாக இருத்தி, எங்கே போனீர்கள் என்று ஆசிரியை கேட்பார். மலை என்பார்கள், கடல் என்பார்கள். இரண்டு தடவை வீட்டில் இருந்தேன் என்று சொன்னேன். மூன்றாம் தடவை ஸ்பெயினுக்குப் போனேன் என்றேன். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்க, நிறையப் பனி என்றேன். போனது கோடை விடுமுறையில் என்பதை மறந்துவிட்டேன். ஆசிரியை இதை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா என்னை ஏசவில்லை. அடுத்து வந்த பெப்ரவரி விடுமுறைக்கு முந்தின கிழமை, "பிள்ளை, நாங்களும் போறம்" என்று மட்டும் சொன்னார்.

ஏன் அவ்வளவு கிட்டத்தில், ஏன் அந்தக் குளிரில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது எங்களுக்கு நிரந்தர விசா இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித் தரும் ஒரு கடதாசிதான் இருந்தது. அந்தக் கடதாசியோடு எங்கள் மாவட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது. லைப்சிக்கில் இருந்த மாமி வீட்டுக்கு என்றாலும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் எடுத்து, அவர்கள் தரும் நாளில் போய் அனுமதி எழுதி வாங்க வேண்டும். மாமி மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு அனுமதி வர முதலே ரயில் ஏறி, அப்பா ஒருமுறை பிடிபட்டிருந்தார். இன்னொரு முறை பிடிபட்டால் வழக்கு, வழக்கு வந்தால் விசாவுக்குப் போட்டிருந்த விண்ணப்பமும் போய்விடும். மாவட்டத்துக்குள்ளேயே இருந்த ஒரே விடுமுறை இடம் அந்தக் குளக்கரை. இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கே கூப்பிட்டாலும் அப்பா "பிறகு பாப்பம்" என்பார் என்பதுதான்.

இடத்தைக் கவனித்துக்கொண்ட கிழவர் எங்களைக் கண்டு அசந்துபோனார். காஸ் சிலிண்டரைத் திறக்கக் காட்டித் தந்தார். பிறகு உறைந்து கிடந்த குளத்துக்கு அழைத்துப்போய், நடுவில் வரிசையாக நின்ற கம்புகளைக் காட்டினார். அந்தக் கம்புகளோடு எங்கள் மாவட்டம் முடிகிறது, அங்கால் மீன் அடுத்த மாவட்டத்து மீன், தொட்டால் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா கம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே எங்கள் சீவியம் சொல்லி மாளாது. தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிக் கிடந்தது. அம்மா பனியை அள்ளி உருக்கித் தேத்தண்ணி வைத்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டு அவித்தார். குளிர் வராமல் இருக்க யன்னல், கூரை ஓட்டை எல்லாவற்றையும் பூட்டிவிட்டு மூன்று குழல் பிட்டு! ஆவி முழுக்கச் சுவரில் தண்ணீராய் வழிந்து, விடியும்போது பனிக்கட்டியாகி, கதவைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டது. அப்பா தோளால் இடித்தார், அம்மா அகப்பைக் காம்பால் நெம்பினார். கடைசியில் பக்கத்து வண்டியில் இருந்த பெண் சத்தம் கேட்டு வந்து, வெளியிலிருந்து கேத்தல் கேத்தலாகச் சுடுதண்ணீர் ஊற்றி எங்களை மீட்டாள். கூரை ஓட்டையைத் திறக்காமல் காஸ் எரிக்கவே கூடாது, செத்துப்போவீர்கள் என்று கத்தினாள். கத்தி முடித்ததும், இது என்ன வாசம் என்று கேட்டாள். அம்மா ஒரு கோப்பையில் பிட்டும் சீனியும் போட்டுக் கொடுத்தார்.

அவளுக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். ஒரு மணித்தியாலத்துக்குள் நாங்கள் உயிர்த் தோழிகளாகிவிட்டோம். அக்கரையில் ஒரு கொட்டிலில் சுடச்சுட வாஃபிள் விற்கிறார்கள், நடந்தே போகலாம் என்று அவள் சொன்னாள். எனக்கு வேறென்ன வேண்டும்? உறைந்த குளத்தை நடந்து கடந்து வாஃபிள் சாப்பிட்டேன் என்று திங்கட்கிழமை வட்டத்தில் சொல்லலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது. அப்பாவிடம் கேட்டால் பிறகு பாப்பம் என்பார் என்று தெரிந்ததால் கேட்காமலே, தாயும் மகளும் முன்னால் போக, அவர்களுடைய சறுக்குவண்டியைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கம்புகளைத் தாண்டிப் பத்து அடி போயிருப்பேன். பின்னால் என் பெயர் கேட்டது. அப்பா வேட்டைக்கு வந்தவர் மாதிரி ஓடி வந்தார், இரண்டு தரம் விழுந்து எழும்பினார். கம்புக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். அக்கரையில், வாஃபிள் கொட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு பொலிஸ் கார் நின்றது. பனி தடிப்பாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருப்பார்கள். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, திரும்பி வாங்கோ."

நான் அசையவில்லை. தோழியின் தாய், பயப்படாமல் வாருங்கள், லொறியே போகலாம் என்று அவரைக் கூப்பிட்டாள். அப்பா சிரித்தபடி தலையை ஆட்டினார். உன் அப்பாவுக்குப் பயம் என்று தோழி என் காதில் சொன்னாள்.

"அப்பா, பயமோ?" என்று கத்தினேன்.

"ஓம் பிள்ளை, பயமாக் கிடக்கு. வாங்கோ."

கையை மட்டும் கம்புக்கு இங்கால் நீட்டினார். கால் ஒரு அங்குலம் நகரவில்லை. சின்னப் பிள்ளைகளெல்லாம் ஓடித் திரியும் பனியில் என் அப்பா மட்டும் நடுங்கிக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. திரும்பிப் போய் அந்தக் கையைப் பிடிக்காமல், அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். அன்று முழுவதும் அவருடன் கதைக்கவில்லை. அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை வட்டத்தில் எனக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. கதவு ஒட்டிக்கொண்டதையும், பாதிக் குளத்தில் நின்று நடுங்கிய அப்பாவையும் எழும்பி நின்று நடித்தே காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதன்முதலாக எல்லோரும் என்னை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பெருமையாக அதையும் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியது. என்னை இருத்திச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அப்பா நின்ற குசினிக்குள் போனார்.

"ஊரெல்லாம் உங்களைப் பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லிச் சிரிக்கட்டும் எண்டே விட்டிருக்கிறியள்? அவளுக்கு விசயத்தைச் சொல்லுங்கோ."

"சொல்லாதையும். பனிக்குப் பயம் எண்டால் சிரிச்சுப்போட்டு விட்டிடுவாள். மற்றதைச் சொன்னால் அவளும் பயப்பிடத் தொடங்கிடுவாள். இப்ப எட்டு வயதுதானே, கொஞ்ச நாள் சிரிக்கட்டும்."

எனக்கு எல்லாம் கேட்டது. மற்றது என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். குளத்துக்கு அடியில், கம்புகளுக்கு அங்கால், பெரிய மீன் ஏதோ இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.