சாயிமா ராத்தாவின் பெயரில் ஒரு கெளுத்தி

சாயிமா ராத்தா கால் கிலோ தக்காளி வாங்கினாலும் தராசுத் தட்டின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் திறப்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால் கைப்பையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வார். யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் தெருவில், அவரிடம் “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்கவே ஆட்கள் யோசிப்பார்கள். “ஏன் கேக்குறே? யாரு கேக்கச் சொன்னா?” என்று பதில் வரும். அப்படிப்பட்டவரின் பெயரை ஒரு மீனுக்கு வைக்க வேண்டும் என்று பிரேசில் நாட்டில் ஒரு பெண் ஆசைப்பட்டாள். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்வேன்.

என் பெயர் சுந்தர். அந்தத் தெருவில் பிரிண்ட், ஸ்கேன், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். ராத்தா எனக்கு உறவில்லை. அவர்கள் வீட்டில் மூத்த பெண்ணை அப்படிக் கூப்பிடுவார்கள், கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகளையும் அவரே விசாரித்து, மூன்று பேரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதில் இருவர் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான் என்று பிற்பாடு தெரிந்தது. மூன்றாவது ஆள் நல்லவர். இன்னும் எங்கள் பக்கம்தான் இருக்கிறார்.

ராத்தாவின் தொழில் மீன் வரைவது. சுவரில் மாட்டுகிற படம் இல்லை, விஞ்ஞானிகளுக்கான படம். மெல்லிய மைப் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து, ஒரு செதிலைக்கூட விடாமல் எண்ணி வரைவார். விலங்கியல் படித்தவர். இங்கே ஓர் அலுவலகத்தில் பதினோரு வருஷம் உட்கார்ந்து நூற்று நாற்பது மீன்கள் வரைந்தார். எல்லாம் சேர்ந்து புத்தகமாக வந்தபோது முதல் பக்கத்தில் ‘படங்கள்’ என்று போட்டு வேறொருவர் பெயர் இருந்தது. போய்க் கேட்டார். படம்தானே முக்கியம், பெயரில் என்ன இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே வேலையை விட்டார். அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதிகூட அவர் வீட்டில் கிடையாது. சந்தேகம் அவருக்கு அதற்குப் பிறகு வந்ததா, பிறவிக் குணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் பெயர் ஒரு முறையாவது ஒழுங்காக அச்சில் வர வேண்டும் என்ற ஏக்கம் அவருக்குள் இருந்தது எனக்கு நன்றாகவே தெரியும்.

பிரேசில்காரி பெயர் ரொசானா. அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் கெளுத்தி மீன்களை ஆராய்கிறவள். ராத்தாவோடு படித்த ஒரு பர்மிய அம்மா மூலம் இவர் வரைந்த படங்களைப் பார்த்திருக்கிறாள். தன் புது மீனை வரைந்து தர முடியுமா என்று கேட்டு எழுதினாள். ராத்தாவுக்குத் தன் போன் மேல் நம்பிக்கை இல்லை. அதனால் கடிதம் எல்லாம் என் கடைக் கம்ப்யூட்டரில்தான் வரும். என் மேலும் நம்பிக்கை கிடையாது. நான் தட்டச்சு செய்யும்போது பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்ப்பார்.

“சயாமாங்குறாக, பெரிய படிப்புங்குறாக. அம்மாம் பெரிய நாட்டுல வரையிறதுக்கு ஆளா இல்லை? இங்க வந்து எதுக்குத் தேடணும்?” என்றார். சயாமா என்றால் பர்மிய மொழியில் டீச்சரம்மா.

“ஒங்க கை அவங்களுக்குப் பிடிச்சிருக்கு ராத்தா.”

“கை புடிச்சிருக்காம். நீ சும்மா இரு.”

ஆனாலும் வரைய ஒப்புக்கொண்டார்.

அந்த மீன் அமேசானில் கலக்கும் ஏதோ ஒரு கிளையாற்றில், பாறை இடுக்கில் கிடைத்ததாம். உடம்பு முழுக்கச் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடு. விரல் நீளம்தான் இருக்கும், கவசம் போட்ட மாதிரி இருக்கும். புது இனம் என்று வாயால் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். பக்கவாட்டில் எத்தனை தகடு, துடுப்பில் எத்தனை முள், கண் எவ்வளவு பெரிசு என்று அளந்து, பழைய இனங்களோடு ஒப்பிட்டு, எழுதி அச்சிட வேண்டும். பிடித்ததில் ஒரே ஒரு மீனைச் சாட்சியாக வைத்து ஸ்பிரிட் ஜாடியில் போட்டுவிடுவார்கள். புதுப் பெயர் அந்த ஒரு மீன் மேல்தான் நிற்கும். ராத்தா வரைய வேண்டியது அந்தச் சாட்சி மீனை. இன்னொன்றும் உண்டு. ஒரே மீனுக்கு இரண்டு பேர் பெயர் வைத்தால் முதலில் அச்சானது எதுவோ அதுதான் செல்லும். இதை எல்லாம் ராத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வரையத் தொடங்குவதற்கு முன்னாலேயே இது புது மீன்தானா என்று அவருக்குச் சந்தேகம். என்னை இழுத்துக்கொண்டு பக்கத்துத் தாமுவே பகுதியில் இருந்த வண்ணமீன் கடைக்குப் போனார். தொட்டிக் கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கறுப்பு மீன் அங்கே எப்போதும் இருக்கும். அதுவும் அந்த வம்சத்து மீன்தான். ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போடச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊசி முனையால் பைக்கு வெளியே தொட்டுத் தொட்டுத் தகடுகளை எண்ணினார். மீன் திரும்பிக்கொண்டே இருந்தது. நாலாவது தடவைதான் கணக்கு முடிந்தது. பிறகு வாங்காமலே பையைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பக்கம் இன்னும் நான் போவதில்லை.

“வேறதான்” என்றார் வழியில். அதைச் சொல்லும்போது லேசாகச் சந்தோஷப்பட்டதாகத் தெரிந்தது.

வேலை நடந்தது. கரண்ட் வருகிற நேரம் பார்த்துத்தான் படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்து வரைய முடியும். தெருவில் “மீ லா பீ!” என்று கரண்ட் வந்த சத்தம் கேட்டவுடன் ராத்தா படி இறங்கி என் கடைக்கு ஓடி வருவார். முக்கால் மீன் முடிந்திருந்தபோது ரொசானா இன்னொரு புகைப்படம் அனுப்பினாள். முதல் படத்தைவிட இது தெளிவு, இதைப் பார்த்து வரையுங்கள் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு கோப்பும் இருந்தது.

அந்தக் கோப்பை நாங்கள் திறக்கவில்லை. இதற்குக் காரணம் நான்தான். போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் யாரோ அனுப்பிய கோப்பைத் திறந்து, என் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையும் அழிந்து போனது. அதை ராத்தாவிடம் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லியிருந்தேன். அதிலிருந்து, “படத்தை மட்டும் எறக்கு. மத்ததைத் தொடாதே” என்பது அவர் உத்தரவு.

இரண்டாவது படத்தைப் பார்த்த ராத்தா பேனாவை மூடிவிட்டார்.

“தம்பி, இங்க வா. மொதல் படத்துல கண்ணுக்குப் பின்னால ஒரு வெட்டுத் தழும்பு இருந்துச்சுல்ல? இதுல எங்க?”

இல்லை. வழவழவென்று இருந்தது.

“இப்ப எண்ணு. மொதல் படத்துல இருவத்தஞ்சு தகடு. இதுல இருவத்தாறு.” நான் எண்ணினேன். இருபத்தாறுதான். “மீனை மாத்திட்டாக. சாட்சி மீன்னு ஒண்ணைக் காட்டி, வேற ஒண்ணை வரையச் சொல்றாக. எண்ணிக்கை தோதுப்படலை, அதான்.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு நாளில் அடுத்த கடிதம் வந்தது. இந்த மீனுக்கு உங்கள் பெயரை வைக்க விரும்புகிறோம், அச்சில் ‘சாயிமா’ என்பதை எந்த எழுத்துகளில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாள். நான் படித்துச் சொன்னேன். ராத்தா முக்காட்டின் முனையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். கண் நிறைந்துவிட்டது. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் முகம் இறுகியது.

“வாயடைக்கப் பாக்குறாக” என்றார்.

“ராத்தா, நம்ம சந்தேகத்தை இன்னும் அவங்ககிட்ட சொல்லவே இல்லையே. அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் கண்டுபிடிப்பேன்னு அவுகளுக்குத் தெரியும். அதான் முந்திக்கிட்டாக.”

இருபத்தாறு தகடு என் கண்ணுக்கும் தெரிந்ததே. அன்றைக்கே கடிதம் எழுதினோம். ரொசானாவுக்கு ஒன்று, கட்டுரையை அச்சிடப்போகிற பத்திரிகைக்கு ஒன்று. பத்திரிகைக்கு வேண்டாம், முதலில் அவளைக் கேட்போம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியது என் விரல்.

ரொசானாவின் பதில் மறுநாளே வந்தது. கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. ஒரே மீனை இரண்டு பக்கமும் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, மீனில் கட்டிய அடையாளச் சீட்டின் எண் தெரிகிற மாதிரி ஆறு படங்கள் அனுப்பியிருந்தாள். மீனின் இடப்பக்கத்தில் தழும்பு. தகடு ஒன்று நசுங்கிப் பக்கத்துத் தகட்டோடு ஒட்டிப்போயிருந்தது. அதனால் வலப்பக்கத்தைப் படமெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். விஞ்ஞானப் படத்தில் மீன் எப்போதும் இடப்புறம்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கெட்டிருந்தால் மறு பக்கத்தைத் திருப்பிப் போட்டு, அப்படித் திருப்பியதை எழுதிவிடுவார்கள். எழுதித்தான் இருந்தார்கள், நாங்கள் திறக்காத கோப்பில்.

ராத்தா என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“நானே செஞ்சிருக்கேன். ஆபீஸுல சந்தையிலேருந்து அடிபட்ட மீனாத்தான் வரும். டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டு எத்தனை வரைஞ்சிருக்கேன்! எனக்கு எப்படித் தோணாம போச்சு?”

தோன்றாததற்குக் காரணம் இரண்டு பேருக்கும் தெரியும். பத்திரிகைக்கு உடனே எழுதினோம்: தவறு எங்களுடையது, மன்னியுங்கள், மீன் சரியான மீன்தான். அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். ஒரு புகார் வந்த பிறகு விசாரிக்காமல் விட முடியாதாம். மீனை வேறோர் அருங்காட்சியகத்து ஆள் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டுமாம். அதுவரை கட்டுரை நிற்கும் என்றார்கள்.

அது நாலு மாதம் நின்றது. ராத்தா படத்தை முடித்து அனுப்பினார். அவர் வரைந்ததிலேயே அதுதான் சிறந்தது என்று நான் சொல்வேன். தினமும் வந்து, “எதுனா வந்துச்சா?” என்று கேட்பார். சந்தேகமாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டார். அந்தக் குரலில் அவரை நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு நாள் தக்காளி வாங்கிக்கொண்டு தராசைத் தொடாமல் போய்விட்டதாகக் காய்கறிக் கடைக்காரர் மனைவி கலா என்னிடம் வந்து விசாரித்தாள், உடம்புக்கு முடியவில்லையா என்று.

ஐந்தாவது மாதம் கடிதம் வந்தது. வேறொரு நாட்டு ஆராய்ச்சிக் குழு அதே ஆற்றின் மேல்பகுதியில் அதே கெளுத்தியைப் பிடித்திருக்கிறது. எழுதி, போன வாரம் அச்சிலும் போட்டுவிட்டது. அந்த ஆற்றின் பெயரையே மீனுக்கு வைத்துவிட்டார்கள். இனி அதுதான் செல்லும். எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று ரொசானா எழுதியிருந்தாள். குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் படத்தை மட்டும் புதுப் பெயரோடு வெளியிட அனுமதி தருவீர்களா, படத்தின் கீழே வரைந்தவர் சாயிமா என்று கட்டாயம் போடுவோம் என்று கேட்டிருந்தாள். அச்சாகாமல் போன கட்டுரையையும் நினைவுக்காக இணைத்திருந்தாள்.

“தொற” என்றார் ராத்தா.

திறந்தேன். பெயர்க் காரணம் என்று ஒரு பத்தி இருந்தது. மேலே இருந்த தேதி, அந்த இரண்டாவது புகைப்படம் வருவதற்கு மூன்று வாரம் முந்தியது, எங்களுக்குச் சந்தேகமே வராத நாள். ராத்தா அந்தத் தேதியைக் கையால் தொட்டுப் பார்த்தார். பத்தியை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்: இந்த இனத்துக்கு யாங்கோன் ஓவியர் சாயிமாவின் பெயர் சூட்டப்படுகிறது. எங்கள் ஆற்றையோ எங்களையோ ஒரு நாளும் பார்க்காமல், எங்கள் சொல்லை நம்பி இந்த மீனை வரைந்து தந்ததற்காக.

“என்ன போட்டிருக்கு? திரும்பச் சொல்லு.”

“நம்பி, ராத்தா.”

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அந்தச் சொல் இருந்த வரியை ஆங்கிலத்தில் தானே ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“நான் நம்பலையே தம்பி” என்றார்.

ரொசானாவுக்கு என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். படத்தை எடுத்துக்கொள்ளச் சொல் என்றார். படத்தின் கீழே தன் பெயர் வேண்டாம் என்றும் எழுதச் சொன்னார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், இது நீங்கள் இத்தனை வருஷம் ஆசைப்பட்டதல்லவா என்று கத்தக்கூடச் செய்தேன். அவர் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கவில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் படியேறி வீட்டுக்குப் போய்விட்டார்.