ரோஸ்லின் மாற்றிய எஞ்சின்

கடியப்பட்டணத்தில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது எங்கள் தலைமையாசிரியையின் போன் வந்தது. "ரோஸ்லின் போயிட்டா டீச்சர்" என்றார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள். முந்தின நாள்கூட, "காய்ச்சல் விட்டாச்சு, நாளைக்கு வீட்டுக்குப் போயிருவேன்" என்று என்னிடம் பேசியிருந்தாள். மீன்காரம்மா பையை நீட்டிக்கொண்டே நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. அவள் கணவர் ஞானதாஸ் அண்ணனிடம் இதை யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்பதுதான் மனதில் ஓடியது.

பழைய மாணவிகளான உங்களில் பலருக்கு அவள் வேதியியல் ரோஸ்லின் டீச்சர். எனக்குப் பக்கத்து மேசைக்காரி, ஒரே வயது. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். ஒருமுறை கல்வி அதிகாரி வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஒரு மாணவி குண்டக்கமண்டக்கக் கேள்வி ஒன்றைக் கேட்டாள். "தெரியாது மக்கா, படிச்சிட்டு வந்து சொல்லுதேன்" என்றாள் ரோஸ்லின். நான் பிறகு கடிந்துகொண்டேன். "தெரியாதத தெரியாதுன்னு சொல்லதுக்கு என்ன வெக்கம்?" என்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள்.

ஞானதாஸ் அண்ணன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டியவர். ஊர் திரும்பியதும் திருவனந்தபுரத்தில் ஒருவரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்தார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். குழித்துறைச் சந்தை வழியாக அது உறுமிக்கொண்டு போனால் பேரம் பேசுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் கூரை ஒழுகும். "காருக்குள்ள கொட பிடிச்சிட்டுப் போறவ இந்த ஜில்லாவுல நான் ஒருத்திதான்" என்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. எவ்வளவு புரிகிறது என்று மருத்துவர்களாலும் சொல்ல முடியவில்லை. பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று ஒரு மாலை அவள் காரை ஸ்டார்ட் செய்திருக்கிறாள். உள்ளே கட்டிலில் கிடந்தவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். யார் கூப்பிட்டும் திரும்பாத தலை அது. அன்று முதல் பள்ளி விட்டு வந்ததும் அவளுக்கு அதுதான் முதல் வேலை.

எஞ்சினோ நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டு வந்தது. நீலப் புகை கக்கியது. ஊற்றுகிற ஆயிலையெல்லாம் குடித்தது. உள்ளே எதையோ சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டியது. கோட்டாற்றிலிருந்து வந்த மெக்கானிக் அசன் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள முழுசும் தேஞ்சு போச்சு டீச்சர். இதுக்குச் சாமான் கிட்டாது. வேற கார் இஞ்சினை வச்சுத் தரலாம், நல்லா ஓடும்."

"சத்தம்?"

"அது வேற சத்தமாத்தான் இருக்கும்."

மறுநாள் ஆசிரியர் அறையில், அண்ணனிடம் கேட்டுப் பார்த்ததை என்னிடம் சொன்னாள். "அவியகிட்டயே கேட்டேன். மாத்தணும்னா கண்ண அடைங்கன்னேன், அடைச்சாவ. சந்தேகம் வந்துட்டு. மாத்தண்டாம்னா கண்ண அடைங்கன்னேன், அதுக்கும் அடைச்சாவ." சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று எழுந்து முகம் கழுவப் போனாள்.

பழைய எஞ்சினின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து கேட்கவைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். செய்தோம். காதருகே வைத்தோம். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மாற்றத்தான் சொன்னாள். "இன்னைக்கு நின்னு போகுமோ, நாளைக்கு நின்னு போகுமோன்னு பயந்து பயந்து சாவியத் திருப்ப என்னால முடியல்ல மக்கா" என்றாள். புது எஞ்சின் வந்த மாலை நானும் போயிருந்தேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அமைதியான, சீரான சத்தம். நான் கட்டிலருகே நின்றேன். அவர் திரும்பவில்லை. அவள் வெளியிலிருந்து, "பாத்தாவளா?" என்று கேட்டாள். நான் வெளியே வந்து, இல்லை என்று தலையாட்டினேன். ஆனாலும் அடுத்தடுத்த மாலைகளிலும் ஸ்டார்ட் செய்தாள். "பழகட்டு" என்பாள். பழகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு அவரைத் தூக்கிக் காரில் உட்காரவைத்து, துப்பட்டாவால் இருக்கையோடு கட்டி, கூரையை மடக்கிவிட்டு, ஆற்றுப் பாலம் வரை ஓட்டிப் போனாள். பழைய எஞ்சினாக இருந்தால் பாதி ஏற்றத்திலேயே நின்றிருக்கும். பாலத்தில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "சந்தோசமா, சங்கடமா, காத்துப் பட்டதா, ஒண்ணும் தெரியல்ல. தொடச்சு விட்டேன்" என்றாள். அதற்கப்புறம் அந்தக் கார் வெளியே போகவில்லை.

அடக்கத்தன்று சக்கர நாற்காலியில் அவரைப் பெட்டியருகே கொண்டுவந்தார்கள். பாதிரியார் குனிந்து காதில் சொன்னார். அவர் பார்வை அவள் முகத்தில் கொஞ்சம் நின்றது, பிறகு சுவருக்குப் போய்விட்டது. கூடியிருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் தலை குனிந்திருந்தோம்.

இப்போது அண்ணன் நாகர்கோவிலில் தங்கை வீட்டில் இருக்கிறார். காரை என்ன செய்வது என்று அந்தத் தங்கை கேட்டாள். "தெரியாது" என்றேன்.

ரோஸ்லின் அவரிடம் பேசும் விதம் உங்களில் பலர் பார்த்திராதது. எதையாவது கேட்பாள். மனிதர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். பிறகுதான் அடுத்த பேச்சு. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். போன வாரம் அவர் அருகே உட்கார்ந்து, "அண்ணா, ராத்திரி நல்லா உறங்கினியளா?" என்று கேட்டேன். அவர் சொல்லி முடிக்கும் நேரம் வரை காத்திருந்தேன். பிறகு, வரும் வழியில் நல்ல மழை என்று சொன்னேன்.